புதுமண்டபத்து யாளிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு இரை வேண்டும்?

புதுமண்டபத்தான் கேட்கிறார்:

சிறுவர்களுக்காக ஒரு கதை எழுதி வருகிறேன். மதுரைப் புதுமண்டபத்தில் தையற்கடைகள் இருந்த காலத்தில், பள்ளிச் சீருடை தைத்து முடியும்வரை அங்கே காத்திருந்தபோது, முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் யாளிகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவற்றில் ஒன்று இரவில் தூணைவிட்டு இறங்கி ஊரைச் சுற்றுவதே கதை. உடல் சிங்கம், முகத்தில் துதிக்கை, எடை 2 டன். வாரத்துக்கு ஓர் ஆடு தின்னும் என்று எழுதியிருந்தேன். ஆடு வளர்க்கும் என் அக்காள் மகன் அதைப் படித்துவிட்டு, "மாமா, எங்கள் வீட்டு நாய்க்கே அது காணாது" என்று சிரித்துவிட்டான். சரியான கணக்கு என்ன?

கால்நடை மருத்துவன்:

உங்கள் மருமகன் நாயைப் பற்றிச் சொன்னது மிகை. யாளியைப் பற்றிச் சொன்னது சரி. உடலியல் ஆய்வாளர் மாக்ஸ் கிளைபர் 1932-இல் கண்ட விதிப்படி, வெப்ப இரத்த விலங்கு சும்மா படுத்திருக்கவே, அதன் எடையைக் கிலோவில் எடுத்து முக்கால் அடுக்குக்கு (0.75) உயர்த்தி 70-ஆல் பெருக்கினால் வரும் கிலோகலோரி நாள்தோறும் தேவை. 2,000 கிலோ யாளிக்கு அது ஏறத்தாழ 21,000. நடந்து திரிந்து வேட்டையாட அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 52,000 என்று வையுங்கள். ஒரு கிலோ இறைச்சியில் 1,500 கிலோகலோரி என்று கொண்டு, செரிக்காமல் போவதையும் சேர்த்தால், நாளைக்கு 40 கிலோவுக்குச் சற்றே கூடுதலான இறைச்சி வேண்டும். 25 கிலோ ஆட்டில் எலும்பு, தோல், இரைப்பைச் சாணம் போகத் தின்னத் தேறுவது 17 கிலோ என்றால், நாளைக்கு ஏறக்குறைய இரண்டரை ஆடு.

துதிக்கை இருப்பதால் தழை தின்னவைக்கலாமே என்று நினைக்காதீர்கள். யானை நாளைக்கு 150 கிலோ தீவனம் தின்றாலும் அதில் பாதிக்குமேல் செரிக்காமல் வெளியே வந்துவிடும். அதனால் அது நாளில் பெரும்பகுதி மென்றுகொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட யாளி யாரை எப்போது பயமுறுத்தும்?

மேலூர்க்காரன்:

ஐயா சொன்ன கணக்கை ஊர்க் கண்ணால் பார்த்தேன். கீதாரி ஒருவர் 300 ஆடுகளோடு எங்கள் வயலில் கிடை போட்டிருக்கிறார் என்று கொள்ளுங்கள். உங்கள் யாளி நான்கு மாதத்தில் கிடையையே காலி செய்துவிடும். அதற்குப் பின்? ஊனுண்ணிகளை ஆராய்ந்தவர்கள், 90 கிலோ வேட்டை விலங்கு நிலைத்து வாழ ஏறத்தாழ 10,000 கிலோ இரைவிலங்குகள் அந்த நிலத்தில் இருக்கவேண்டும் என்று 2002-இல் கண்டார்கள். உங்கள் யாளிக்கு அது ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆடுகள். நிலத்தில் வாழும் பாலூட்டி ஊனுண்ணி ஒரு டன்னைச் சற்றே தாண்டும் அளவோடு நின்றுவிடும் என்பதும் அவர்களில் ஒருவர் வேறு சிலரோடு பின்னர் போட்ட கணக்குத்தான். எடையைக் குறையுங்கள்.

நாகமலைப் பக்கம்:

எடையைக் குறைக்க மனமில்லையென்றால் இரத்தத்தைக் குளிரவையுங்கள். உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்காத பாம்பு, அதே எடையுள்ள பாலூட்டியின் தேவையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கோடு காலம் தள்ளிவிடும்; மலைப்பாம்பு ஒருமுறை விழுங்கிவிட்டு மாதக்கணக்கில் சும்மா கிடப்பது அதனால்தான். ஆனால் குளிர்ந்த யாளி மார்கழி இரவில் ஓடாது. நம் ஊர்த் திருவிளையாடலில் கரும்பு தின்ற கல்யானையைப் பாருங்கள்: சித்தர் பார்த்த பார்வையில் உயிர் வந்தது, தின்றது, மறுபடியும் கல்லாயிற்று. கல்லாக நிற்கும் நேரத்துக்குத் தீனிச் செலவே கிடையாது.

புதுமண்டபத்தான்:

கடைசி மறுமொழியைப் படித்ததும் வழி பிறந்துவிட்டது. எடையை 1 டன் ஆக்கினேன். இரவில் ஆறு மணி நேரம் மட்டும் உயிர், மற்ற நேரமெல்லாம் கல். மருத்துவர் ஐயாவின் முறைப்படி முழுநாள் தேவை 31,000 கிலோகலோரி, அதில் கால் பங்கு 7,800. வாரத்துக்கு 43 கிலோ இறைச்சி, அதாவது இரண்டரை ஆடு. அரை ஆட்டைக் கதையில் எப்படிச் சொல்வது என்று அக்காள் மகனிடமே கேட்டேன். "இரண்டு வாரத்துக்கு ஐந்து என்று எழுதுங்கள் மாமா, எங்கள் கிடையிலிருந்து மட்டும் வேண்டாம்" என்றான்.