பழையபேட்டை நன்னி (பாட்டி) வீடு: குடும்பக் குழுவில் ஒரு நோன்பு நாள்

வியாழன், பிற்பகல் 3:12

ஜுபேதா குப்பி (அத்தை): ஷமீமாவ ஆஸ்பத்திரில சேத்துருக்காங்களாமே??

ஜுபேதா குப்பி: யாராச்சும் போன எடுங்க

ஜுபேதா குப்பி: மும்தாஜ் மதினி போன் சுவிட்ச் ஆப்ல இருக்கு

பர்வீன்: யாரு சொன்னா குப்பி

ஜுபேதா குப்பி: தையக்கடை மெகருன்னிசா. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். கிருஷ்ணகிரி ரவுண்டானாகிட்ட மயங்கி விழுந்து ஆட்டோல தூக்கிட்டுப் போனாங்கன்னா

காதர் சாச்சா (சித்தப்பா): இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்

இர்பான்: ரவுண்டானாவும் இல்ல ஆட்டோவும் இல்ல. ரேஷன் கடை படிக்கட்டுல தலை சுத்துதுன்னு உக்காந்தா. அவ்ளோதான்

இர்பான்: பாமாயில் வாங்கிட்டுதான் எழுந்தா

பர்வீன்: சாச்சா சாவு சேதிக்குப் போடறத ஏன் போட்டீங்க! யாரு மவுத்துன்னு கேட்டு எனக்கு ரெண்டு போன் வந்துருச்சு

காதர் சாச்சா: எந்த முஸீபத்துக்கும் (துன்பத்துக்கும்) சொல்லலாம் மா. செருப்பு வார் அறுந்தாலும் சொல்லலாம்.

இர்பான்: செருப்புக்கு குரூப்ல போட வேணாம் சாச்சா

மும்தாஜ்: நல்லாதான் இருக்கா. படுத்திருக்கா. சார்ஜ் இல்லாம ஆப் ஆயிருச்சு போன்

நசீமா அக்கா: மாமி நா இப்பதான் டூட்டி முடிச்சு பாக்கறேன். நோன்பா இருந்தாளா?

மும்தாஜ்: ஆமா

நசீமா அக்கா: ஏழாம் மாசத்துல??

மும்தாஜ்: நா வேணாம்னுதான் சொன்னேன். எனக்கு முன்னாடி எழுந்து அவளே கேப்பக் களி கிண்டி தின்னுட்டு நோன்பு புடிக்கறேன்னு நிய்யத் வெச்சுட்டா. இதுக்கு மேல நா என்ன பண்ண

நசீமா அக்கா: நோன்ப விட்டாளா இல்லையா இப்ப

மும்தாஜ்: இல்ல. மஃரிபுக்கு, நோன்பு தொறக்க, மூணு மணி நேரம்தான இருக்குங்கறா

நசீமா அக்கா: மாமி மொதல்ல தண்ணி குடுங்க. சண்ட அப்புறம் போடலாம்

நசீமா அக்கா: அவகிட்ட கேளுங்க. காலையிலருந்து புள்ள அசையுதா. வயிறு இறுக்கி இறுக்கி விடுதா. தலைவலி, கண்ணு மங்கல் உண்டா. ஒண்ணுக்கு டீ கலர்ல போவுதா

நசீமா அக்கா: அசைவு கம்மின்னு சொன்னா யோசிக்காம கெளம்பிடுங்க

ஜுபேதா குப்பி: ரத்தம் கம்மின்னு போன தடவையே சொன்னாங்கள்ல

மும்தாஜ்: ஹீமோகுளோபின் 9.4 னு எழுதிருக்கு

நசீமா அக்கா: கர்ப்பிணிக்கு 11க்கு கீழ போனாலே ரத்த சோகைதான். 9.4 வெச்சுக்கிட்டு 13 மணி நேரம் தண்ணி இல்லாம, அதுவும் இந்த வெயில்ல ரேஷன் கடை வரிசை வேற. இர்பான் நீ போயிருக்கக் கூடாதா

இர்பான்: கைரேகை வெக்க வீட்ல யாராச்சும் ஒருத்தர் இருந்தா போதும்னு எனக்குத் தெரியாது

ஜுபேதா குப்பி: உனக்கு என்னிக்குத்தான் தெரிஞ்சுது

3:31

காதர் சாச்சா: அஸ்ஸலாமு அலைக்கும். குடும்பத்தார் அனைவரும் கவனமாகப் படிக்கவும். குர்ஆனில் அல்பகரா 184, 185 இரண்டு ஆயத்துகளிலும் நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான், விட்டதை வேறு நாட்களில் எண்ணிப் பிடிக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் சலுகை உண்டு என்று நபி (ஸல்) சொன்ன ஹதீஸ் திர்மிதி, அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதனால் இது பலவீனத்துக்குக் கிடைத்த பிச்சை அல்ல, மார்க்கமே கொடுத்த உரிமை. நம் ஹனபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்று பயந்தால் விடலாம், பிறகு கழா (விட்டதைப் பிறகு பிடிப்பது) மட்டும் செய்தால் போதும், ஃபித்யா (ஏழைக்கு உணவு கொடுப்பது) கிடையாது. பயம் என்றால் சும்மா மனசில் தோன்றுவது அல்ல. உடம்பில் அறிகுறி, முன் அனுபவம், இல்லை தேர்ந்த டாக்டர் சொல்வது. நோன்பு வைத்த பிறகு நடுவில் இந்த நிலை வந்தாலும் முறிக்கலாம். அதற்கும் ஒன்றுக்கு ஒன்று கழா மட்டும்தான், கஃப்பாரா (முறித்ததற்கான பரிகாரம்) இல்லை. ஷாபி மத்ஹபில் தன் உடம்புக்குப் பயந்து விட்டால் கழா மட்டும். பிள்ளைக்காக மட்டும் பயந்து விட்டால் கழாவோடு நாளுக்கு ஒரு முத்து அரிசி ஏழைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு முத்து என்பது சுமார் முக்கால் கிலோவுக்குள்.

இர்பான்: சாச்சா நோன்போட இவ்ளோ டைப் பண்ணா உங்களுக்கு தலை சுத்தலையா

சலீம் மச்சான்: அஸ்ஸலாமு அலைக்கும். ஹோசூர்ல ஷிப்டுல இருக்கேன், இப்பதான் பாத்தேன். மாமி போன குடுங்க அவள்ட்ட

ஜுபேதா குப்பி: மாப்ள நீங்க கீழக்கரைகாரவுங்க. ஷாபி. அவ ஹனபி. அரிசி யாரு குடுக்கணும்

சலீம் மச்சான்: அவ மத்ஹப் அவளுக்கு குப்பி. எனக்கு அந்த அரிசியும் மிச்சம் 😄

இர்பான்: நிக்காஹ்ல நண்டு வறுவல் பஞ்சாயத்து மாதிரி ஆக்கிடாதீங்க இத

சலீம் மச்சான்: அந்த நண்ட இன்னும் எத்தன வருஷம் பேசுவீங்க

காதர் சாச்சா: நண்டு நமக்குக் கூடாது என்பதைத்தான் அன்று சொன்னேன். பந்தியை நான் நிறுத்தவில்லை.

மும்தாஜ்: நீங்க நிறுத்துனீங்க தம்பி

ஜுபேதா குப்பி: யூடியூப்ல ஒரு ஹஜ்ரத் சொன்னாரே, கழாவே வேணாம், ஃபித்யா குடுத்தா முடிஞ்சுதுன்னு

காதர் சாச்சா: நபித்தோழர்கள் இப்னு அப்பாஸ் (ரலி), இப்னு உமர் (ரலி) அப்படிச் சொன்னதாக ரிவாயத் (அறிவிப்பு) உண்டு அக்கா. நாலு மத்ஹபிலும் கழா உண்டு. யூடியூபை வைத்து வீட்டில் ஐந்தாவது மத்ஹப் ஆரம்பிக்க வேண்டாம்.

மும்தாஜ்: குடிச்சிட்டா. மொதல்ல தண்ணி, அப்புறம் உப்பு போட்ட மோர். அழுவுறா

மும்தாஜ்: புள்ள நல்லா உதைக்குதாம். வயிறு இறுக்கல. தலவலி மட்டும் இருக்காம்

நசீமா அக்கா: அல்ஹம்துலில்லாஹ். இடது பக்கமா படுக்கச் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துல தலவலி விடலன்னா எனக்கு போன் பண்ணுங்க. பிரஷர் பாக்கணும்

3:58

பர்வீன்: அக்கா எனக்கும் ஒண்ணு கேக்கணும். பாப்பாக்கு நாலு மாசம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் புடிக்கறேன். புடிக்கற அன்னிக்கு சாயங்காலம் பால் பத்தாத மாதிரி கத்தறா

நசீமா அக்கா: ஒரு நாள் நோன்புல பால் வத்திடாது. ஆனா உனக்கு தண்ணி கொறஞ்சா நீ சோர்ந்துடுவ. நாளைக்கு ஆறு தடவையாச்சும் ஒண்ணுக்கு போறாளா பாரு, எடை ஏறுதா பாரு. ரெண்டும் சரின்னா பயப்படாத. இல்லன்னா விட்டுடு. ஆறு மாசம் வரைக்கும் அவளுக்கு உன் பால் தவிர வேற ஒண்ணும் கிடையாது

இர்பான்: பால் குடுத்தா நோன்பு முறியுமா?

காதர் சாச்சா: முறியாது. பால் உள்ளே போவதில்லை, வெளியே வருவதுதானே.

நசீமா அக்கா: ரத்தம் டெஸ்டுக்கு எடுத்தாலும் முறியாது. இதையும் தெனம் யாராச்சும் வார்டுல கேப்பாங்க

பர்வீன்: புடிக்காத அன்னிக்குதான் கஷ்டம். எங்க மாமியார் எதிர்ல தண்ணி குடிக்க கூச்சமா இருக்கு. பாட்டில எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்கு போறேன்

பர்வீன்: அவங்க இந்த குரூப்ல இல்லல்ல?

இர்பான்: போன மாசம் சாச்சா சேத்துட்டாரு

பர்வீன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பர்வீன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

இர்பான்: நீக்கவேண்டியத நீக்காம வேற எதையோ நீக்கிருக்க பாரு, மேல இன்னும் இருக்கு பாட்டில்

நூர்ஜஹான் மாமி: நா பாத்துட்டேன் மா

நூர்ஜஹான் மாமி: நாளைக்கு மேல் ரூம்ல இட்லி வெச்சிடறேன். அங்கயே தண்ணியும் குடிச்சுக்கோ. கீழ சின்னப் பசங்க மொத நோன்பு புடிக்குதுங்க, அதுங்க பாத்தா ஏங்கும். பாத்ரூம்ல போயி குடிக்காத, அசிங்கம்

இர்பான்: 😂😂

பர்வீன்: சரிங்க மாமி

4:20

ஷமீமா: எல்லாரும் பேசி முடிச்சாச்சா

ஜுபேதா குப்பி: என் தங்கமே எப்படி இருக்க

ஷமீமா: இருக்கேன் குப்பி

ஷமீமா: போன ரமலான் ரிஸ்வான் கைக்குழந்த. முழுசும் விட்டேன். புடிக்கறேன் புடிக்கறேன்னு வருஷம் பூரா அஞ்சாறுதான் முடிஞ்சுது. அதுக்குள்ள இது. இந்த ரமலானும் விட்டா அடுத்த ரமலானுக்கு இது பால் குடிச்சிட்டிருக்கும். நா எப்பதான் அடைக்கறது

ஷமீமா: ஊரே புடிக்கும்போது புடிச்சா பசி தெரியாது. விடியறதுக்கு முன்னாடி சகர் சாப்பாட்டுக்கு பள்ளிவாசல் மைக்குல எழுப்பறாங்க, தெருவுல எல்லா வீட்லயும் லைட்டு எரியுது, சாயங்காலம் தூக்குல கஞ்சி வருது. கழாவுக்கு நானே அலாரம் வெச்சு இருட்டுல எழுந்து மீந்த சோத்த திங்கணும். பகல் பூரா ரிஸ்வானுக்கு ஊட்டி விடணும். அவன் பாதி கடிச்ச பிஸ்கட்ட மறந்துபோயி வாயில போட்டுட்டு துப்பியிருக்கேன். மஃரிபுக்கு சமையக்கட்டுல நின்னபடியே ஒத்த பேரீச்சம்பழம். வீட்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது நா நோன்புன்னு

ஷமீமா: சாச்சா நீங்க என்னிக்காச்சும் கழா புடிச்சிருக்கீங்களா?

4:27

காதர் சாச்சா: 1998இல் டைபாய்டு வந்தபோது.

ஷமீமா: எத்தன நாளு?

காதர் சாச்சா: அது உங்கள் சாச்சிக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

இர்பான்: 🤐

சலீம் மச்சான்: நீ நோன்பு புடிச்சது எனக்கு ஞாபகம் இருந்துச்சு

ஷமீமா: நோன்பு அன்னிக்குதான் டிபன் பாக்ஸ்ல உப்பு இல்லன்னு போன் பண்ணீங்க

சலீம் மச்சான்: 🙏

காதர் சாச்சா: ஷமீமா ஒரு விஷயம் மட்டும். தொடர்ந்து பிடிக்க வேண்டியதில்லை, விட்டு விட்டுப் பிடிக்கலாம். அடுத்த ரமலான் தாண்டிப் போனாலும் நம் மத்ஹபில் கூடுதலாக ஒன்றும் கிடையாது. ஷாபியிலும் காரணத்தோடு தள்ளிப் போனால் கிடையாது. கழாவுக்கு வட்டி இல்லை மா.

ஜுபேதா குப்பி: எனக்கும் பாக்கி இருக்கு ஷமீ. பித்தப்பை ஆபரேசன் அப்ப விட்டது அப்படியே கெடக்கு. மார்கழில புடிக்கலாம் ரெண்டு பேரும். நீ அங்க நா இங்க. சகருக்கு நானே போன் பண்ணி எழுப்பறேன். அந்தக் குளிருக்கு தாகமே எடுக்காது, பகலும் கொஞ்சம் சின்னது

ஷமீமா: மார்கழில இதுக்கு ஏழு மாசம் ஆயிருக்கும் குப்பி. பால் குடிக்குமே

நசீமா அக்கா: ஆறு மாசம் முடிஞ்சா பருப்பு சாதம், கேப்பக் கூழ்லாம் ஊட்ட ஆரம்பிச்சுடுவ. பால மட்டும் நம்பி இருக்காது. உன் ரத்தமும் ஏறியிருந்தா வாரத்துக்கு ரெண்டு புடிக்கலாம். திங்கள் வியாழன்னு வெச்சுக்க

நசீமா அக்கா: அப்புறம் இரும்புச்சத்து மாத்திரைய டீயோட போடாத. வீணாப் போவும்

ஷமீமா: பாக்கலாம்

நசீமா அக்கா: திங்கக்கிழம உனக்கு சக்கரை டெஸ்ட்டு. 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. 140க்கு மேல வந்தா நோன்பு பேச்சே கிடையாது, டாக்டர் சொல்றபடிதான். எப்படியும் அன்னிக்கு நோன்பு வெக்க முடியாது

மும்தாஜ்: யாரு கூட்டிட்டு போறது திங்கக்கிழம

இர்பான்: நா போறேன் பைக்ல

ஜுபேதா குப்பி, நசீமா அக்கா, பர்வீன்: பைக் வேணாம்

இர்பான்: மூணு பேரும் ஒரே நேரத்துல 😮

சலீம் மச்சான்: லீவு கேட்டுப் பாக்கறேன்

மும்தாஜ்: கேட்டுப் பாக்கறேன்னா?

5:05

இர்பான்: [குரல் பதிவு 1:52] நன்னி பேசுது

பர்வீன்: குக்கர் விசில்தான் கேக்குது

இர்பான்: கடைசில "ரெக்கார்டு ஆவுதா"ன்னு கேக்கும். அதுக்கு முன்னாடி பேசுனது ஆவல. சுருக்கமா சொல்றேன், கம்முனு தண்ணி குடிக்கச் சொல்லுது. சாச்சாவ கம்முனு இருக்கச் சொல்லுது

காதர் சாச்சா: அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மும்தாஜ்: சொன்னாங்க

5:40

காதர் சாச்சா: ஞாயிறு இஃப்தார் நம் வீட்டில்தானே? கணக்கு சொன்னால் சமோசா சொல்லி வைப்பேன். கஞ்சிக்கு பெரிய அண்டா வேண்டும்.

மும்தாஜ்: அண்டா நசீமா கல்யாணத்துக்கு தர்மபுரி போனது. இன்னும் வரல

ஜுபேதா குப்பி: அது திரும்பி வந்துருச்சு மதினி

மும்தாஜ்: மூடி வந்துச்சு

நசீமா அக்கா: எனக்கு ரெண்டாவது புள்ளையே ஸ்கூலுக்கு போவுது. இன்னும் அண்டாவா

6:25

காதர் சாச்சா: கிருஷ்ணகிரியில் நோன்பு திறக்க இன்னும் மூன்று நிமிடம். துஆவில் ஷமீமாவையும் சேர்க்கவும்.

இரவு 9:52

இர்பான்: தராவீஹ் தொழுகை முடிச்சு வந்தாச்சு. பள்ளில அஞ்சு பேரு கேட்டாங்க, அக்காக்கு என்னாச்சுன்னு. பாமாயில் கதைய அஞ்சு தடவ சொன்னேன்

நசீமா அக்கா: ஷமீமா தலவலி?

ஷமீமா: போயிருச்சு கா

நசீமா அக்கா: நாளைக்கு?

ஷமீமா: நாளைக்கு புடிக்கல

ஷமீமா: ஆனா சகருக்கு எழுப்புங்கமா. சும்மா கூட உக்காந்து சாப்புடறேன்

மும்தாஜ்: சரி

நசீமா அக்கா: சனி ஞாயிறு?

ஷமீமா: டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்

நசீமா அக்கா: ரிசல்ட் திங்கக்கிழமதான் வரும். நா சனி ஞாயிறு கேட்டேன்

இர்பான்: ஆப்லைன் போயிட்டா

ஜுபேதா குப்பி: விடு நசீமா. நா காலையில பேசறேன் அவகிட்ட

சலீம் மச்சான்: லீவு பாதி நாள் கெடைக்கும்போல மாமி. மதியத்துக்கு மேலதான்

மும்தாஜ்: டெஸ்ட்டு காலையில மாப்ள

காதர் சாச்சா: காரை நான் எடுக்கிறேன். அக்கா, அந்த அண்டா உங்கள் மாடியில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பதாக இர்பான் சொல்கிறானே?

இர்பான்: சாச்சா அத தனியா சொன்னேன்