மேக்பை ஜோடி பூனையை விரட்டி விரட்டிக் கொத்துது, பிளாக்பேர்ட் கூட்டையும் காலி பண்ணிருச்சு. என்ன செய்யலாம்?

மல்லி_ஹாரோ (மே 24)

வணக்கங்க. லண்டன்ல ஹாரோ பக்கம் இருக்கோம். வீட்டுக்குப் பின்னாடி சின்னத் தோட்டம், வேலி ஓரமா ஒரு பழைய ஹாத்தார்ன் மரம். ஒரு வாரமா ரெண்டு மேக்பை (கருப்பு வெள்ளையா, நீள வாலோட இருக்குற பறவை) எங்க பூனை கருப்பாயியை வெளிய தலைகாட்ட விடமாட்டேங்குது. கதவைத் திறந்த உடனே தீப்பெட்டியைக் குலுக்குற மாதிரி கடகடன்னு ஒரு சத்தம். ஒண்ணு முன்னாடி புல்லுல இறங்கி அங்கயும் இங்கயும் தத்தும். கருப்பாயி அதையே பார்த்துட்டு இருக்கும்போது இன்னொண்ணு பின்னால வந்து வாலைக் கவ்வி இழுக்கும். நேத்து வாலடியில முடி பிய்ஞ்சு, ரெண்டு இடத்துல ரத்தப் பொட்டு.

இதைவிடப் பெரிய வருத்தம் வேற. ஐவி கொடிக்குள்ள பிளாக்பேர்ட்ங்கற பாட்டுக் குருவி கூடு கட்டி நாலு குஞ்சு பொரிச்சிருந்துச்சு. முந்தாநாள் விடியக்காலை மேக்பை வந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போயிருச்சு. அப்பன் குருவி கத்திக்கிட்டே பின்னாடி பறந்ததை என் ஏழு வயசுப் பொண்ணு ஜன்னல்ல நின்னு பார்த்துட்டா. அதுலருந்து சரியா சாப்பிடமாட்டேங்குறா.

ஜிகினாத் தாள் கட்டினோம், பிளாஸ்டிக் ஆந்தை வச்சோம். ரெண்டு நாள்தான் பயந்துச்சு, மூணாம் நாள் ஆந்தை பக்கத்துலயே வந்து உட்காருது. மரத்து உச்சியில பந்து மாதிரி குச்சிக்கூடு ஒண்ணு தெரியுது. வீட்டுக்காரர் ஏணி வாங்கிட்டு வந்து அதைக் கலைச்சுடலாம்ங்கறார். கலைக்கலாமா? கருப்பாயி கண்ணைக் கொத்திருமோன்னு பயமா இருக்குங்க.

திண்ணை_ராஜன்

நான் மதுரைக்காரன், மேக்பையை நேர்ல பார்த்ததில்லை. ஆனா அது காக்கா குடும்பம்தானே? இங்க காக்காக் குஞ்சு கீழ விழுந்துட்டா அந்தத் தெருவுல ஆளே நடக்க முடியாது, மண்டையில தட்டிட்டுப் போகும். திடீர்னு ஒரு வாரமா இப்படின்னா, குஞ்சு உங்க தோட்டத்துலயே எங்கயோ தரையில இருக்கு. முதல்ல அதைத் தேடுங்க.

குமார்_ஸ்லவ்

லார்சன் பொறின்னு ஒண்ணு இருக்கு. உள்ள ஒரு மேக்பையை விட்டா மத்தது தானா வந்து மாட்டும். ஒரே வாரத்துல தீர்ந்துடும். நோயை வளர விடக்கூடாது.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை

தங்கச்சி, முதல்ல அந்த ஏணியைத் திருப்பி உள்ள வையுங்கோ. பாவனையில இருக்கிற கூட்டைக் கலைச்சால் 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி அது குற்றம். மக்பைக்கும் அந்தச் சட்டம்தான், ரொபினுக்கும் அதுதான். குமார் தம்பி சொன்ன பொறிக்கு நிபந்தனையோட அனுமதி இருக்குது, ஆனால் "எங்கட பூனைக்குக் கரைச்சல் குடுக்குது" எண்டது அதுக்குள்ள வராது. பிடிச்சாலும் பலன் இல்லை. கூடு கட்ட இடம் கிடைக்காத இளம் மக்பையள் கூட்டமாத் திரியுது. ஒரு சோடி போனால் அடுத்த சோடி அந்த மரத்துக்கு வந்திடும்.

ராசன் சொன்னது சரி. நான் இஞ்ச வந்து முப்பது வருசம், எங்கட வளவுக்குப் பின்னால வருசா வருசம் மக்பை கட்டுது. மாசி பங்குனியில குச்சி பொறுக்கத் தொடங்கும். உள்ளுக்குள்ள சேறு பூசி, மேல முள்ளுக்குச்சியால கூரை போட்டு, பக்கத்தால வாசல் வைக்கும். கூரை என்னத்துக்கு எண்டால் காகம் வந்து அதின்ர முட்டையைத் தூக்காமல் இருக்க. அதுக்கும் பகை இருக்குது பாருங்கோ. சித்திரையில முட்டை, மூண்டு கிழமை அடை, பிறகு ஏறக்குறைய நாலு கிழமை குஞ்சு கூட்டுக்குள்ள. கணக்குப் போட்டால் மே கடைசி, யூன் தொடக்கம் குஞ்சுகள் இறங்கிற நேரம். சரியாப் பறக்கத் தெரியாது, வால் கட்டையா இருக்கும், புதருக்குள்ள குந்தியிருக்கும். தாயும் தகப்பனும் இன்னும் சில கிழமைக்கு இரை குடுக்க வேணும். அந்த நேரத்தில உங்கட பூனை அதுகளின்ர கண்ணுக்குப் புலி.

பிள்ளை பார்த்தது கொடுமைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனால் மக்பையின்ர சாப்பாட்டில பெரும்பங்கு வண்டு, புழு, சிலந்திதான். குஞ்சு இருக்கிற இந்தக் கொஞ்ச நாளிலதான் மற்றக் குருவியின்ர கூட்டிலயும் கை வைக்கும். பி.டி.ஓ. எண்ட பறவையியல் அறக்கட்டளை நாடு முழுக்கப் பல வருசம் எண்ணின பதிவை வைச்சுப் பார்த்தவை. மக்பை கூட இருக்கிற இடத்திலயும் குறைய இருக்கிற இடத்திலயும் பாட்டுக் குருவியளின்ர தொகையில வித்தியாசம் தெரியேல்ல. பிளாக்பேர்ட் ஒரு பருவத்தில ரெண்டு மூண்டு தரம் முட்டையிடும். ஒண்டு போனால் திரும்பக் கட்டும். மகளுக்கு அதைச் சொல்லுங்கோ.

குமார்_ஸ்லவ்

அண்ணா, சட்டம் இவ்வளவு கறார்னு எனக்குத் தெரியாது. பொறி வேண்டாம், நான் சொன்னதை விட்டுடுங்க.

வாணி_பூனைவீடு

மல்லி, நான் பூனைக் காப்பகத்துல தன்னார்வலரா இருக்கேன். கண்ணைப் பத்தின பயம் புரியுது. பொதுவா பின்பக்கமா வந்துதான் கொத்தும், பூனை திரும்பினதும் எட்டப் போயிடும். ஆனா அந்த வால் காயத்தை லேசா எடுத்துக்காதீங்க. பூனைத் தோல் சீக்கிரம் மூடிக்கும், உள்ள சீழ் கட்டும். இளஞ்சூடான உப்புத் தண்ணில ஒரு நாளைக்கு ரெண்டு வேளை துடைச்சு விடுங்க. வீங்கினாலோ, தொட்டா சீறினாலோ, சாப்பாடு இறங்கலைன்னாலோ அன்னைக்கே வெட்கிட்ட, அதாவது மிருக டாக்டர்கிட்ட போங்க. மனுசங்க போடுற டெட்டால் வேண்டவே வேண்டாம், பூனைக்கு விஷம்.

மூணு வாரம் கருப்பாயியை உள்ளயே வைங்க. கத்துவா, கதவைப் பிறாண்டுவா. காலைல கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம் கயிறு கட்டின இறகை வச்சு ஓட விட்டீங்கன்னா அடங்கிடுவா.

இன்னொண்ணும் மனசு விட்டுச் சொல்றேன். பாலூட்டிகளுக்கான மம்மல் சொசைட்டியோட மதிப்பீட்டுல, பிரிட்டன்ல வசந்தத்துலயும் கோடையிலயும் மட்டும் வீட்டுப் பூனைங்க பிடிச்சிட்டு வர்ற பறவைங்க சுமார் 2.7 கோடி. நாம வளர்க்குற செல்லமும் அந்தக் கணக்குல இருக்கு. வெளிய விடும்போது மணி கட்டுங்க, இழுத்தா தானா கழண்டுக்குற பட்டையா வாங்குங்க. மணி கட்டின பூனை பிடிக்கிற பறவை ஏறக்குறைய 40 சதவீதம் குறைஞ்சதா ஆர்.எஸ்.பி.பி.ங்கற பறவைப் பாதுகாப்புச் சங்கம் சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்க.

மல்லி_ஹாரோ (மே 25)

எல்லாருக்கும் நன்றிங்க. ராஜன் அண்ணா, நீங்க சொன்னது அப்படியே சரி. ஷெட்டுக்குப் பின்னால, காலி மண்தொட்டி ரெண்டுக்கு நடுவுல உட்கார்ந்திருந்துச்சு. கருப்பு வெள்ளை, வால் என் விரல் நீளம்தான், அலகோரத்துல இன்னும் இளஞ்சிவப்பு. நான் குனிஞ்ச உடனே தலைக்கு மேல ரெண்டும் கத்துச்சு பாருங்க, கை நடுங்கிருச்சு. தொடாம வந்துட்டேன். அதை எடுத்து ஏதாவது பெட்டியில வைக்கணுமா?

ஈஸ்ட்ஹாம்_அண்ணை

எடுக்க வேண்டாம். காயம் இல்லையெண்டால் அப்பிடியே விடுங்கோ, தாய் இரை குடுக்குது. தூக்கி உள்ள கொண்டுவந்தால்தான் அது அநாதை. பூனை வெளிய இல்லை, அதுவே போதும்.

குருவிக்குத் தீனி போடுறனீங்கள் எண்டால் தரையில கொட்டாதேங்கோ. பெரிய பறவை நுழைய ஏலாத மாதிரிக் கம்பிக் கூண்டு சுத்தின தீனிக்குழாய் விக்குது, அதைத் தொங்கவிடுங்கோ. இலையுதிர் காலத்தில பைரகாந்தா மாதிரி முள்ளுச்செடி நெருக்கமா நடுங்கோ. ஐவி கொடியை இப்ப வெட்ட வேண்டாம், வெட்டினால் இருக்கிற மறைவும் போயிடும்.

வாணி_பூனைவீடு

காயம் எப்படி இருக்கு மல்லி?

மல்லி_ஹாரோ (ஜூன் 13)

மன்னிச்சுக்கங்க, லேட்டாயிருச்சு. நாலாம் நாள் வாலடியில வீக்கம் வந்துச்சு, வாணி சொன்னதால தள்ளிப் போடாம வெட்கிட்டக் காட்டினோம். கீறி சீழ் எடுத்து ஒரு வாரம் மருந்து கொடுத்தாங்க. இப்ப ஆறிடுச்சு, முடி முளைக்குது.

மேக்பைக் குஞ்சு மொத்தம் மூணுன்னு பொண்ணு கண்டுபிடிச்சா. போன வாரம் மூணும் ஷெட் கூரையில வரிசையா உட்கார்ந்து தாய்கிட்ட வாயைப் பிளந்துக்கிட்டு இருந்துச்சு. முதல்ல அதுங்களைப் பார்க்கவே மாட்டேன்னா. இப்ப அவளே எண்ணி நோட்டுல எழுதறா. வீட்டுக்காரர் ஏணியைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

நேத்து மழை விட்டதும் அந்தப் பழுப்புப் பொட்டை பிளாக்பேர்ட் தொட்டியோரம் வந்து, வாய் நிறைய ஈரச் சேறும் காய்ஞ்ச புல்லும் அள்ளிக்கிட்டுப் பக்கத்து வீட்டு வேலிப்புதருக்குள்ள போச்சு. அஞ்சாறு தடவை. கருப்பாயி ஜன்னல் கண்ணாடிக்கு உள்ள இருந்து பார்த்துட்டு இருந்தா. அந்த பிளாக்பேர்டோட புதுக் குஞ்சுங்க பறக்குற வரைக்கும் அவளை இன்னும் ஒரு மாசம் உள்ளயே வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிருக்கோம். மணி வாங்கியாச்சு.