சத்தம் ஊரையே தூக்குது, நெட் மட்டும் வரல – அவசரம், உதவுங்க

மேட்டுக்காடு · செவ்வாய், இரவு 9.42
வணக்கமுங்க. ஊருக்கு வந்து வீட்டுல இருந்தே வேலை பாக்கறேன். மீட்டிங்ல நான் பேசறது யாருக்கும் புரியறதில்ல. பாதியில கட் ஆகுது, கட் ஆகாதப்போ வெறும் சத்தம்தான் கேக்குதாம். மேனேஜர் “எங்க இருக்கீங்க, ஃபேக்டரியிலயா”ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். இத்தனைக்கும் போன்ல சிக்னல் கோடு ஃபுல்லா காட்டுது. நடுராத்திரியில பரவால்ல. எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு. வெள்ளிக்கிழமை கிளையன்ட் கால் இருக்கு. யாராச்சும் வழி சொல்லுங்க.

கடலோரம் · 9.51
எல்லாம்னா எதெல்லாம்? போன் ஹாட்ஸ்பாட்டா, சிம் போடற ரவுட்டரா, கேபிள் லைனா? எந்த மாவட்டம்? சத்தம்னா என்ன சத்தம்? ஒண்ணுமே சொல்லாம வழி கேட்டா நாங்க எப்படிச் சொல்றது தம்பி.

குமாஸ்தா · 10.05
ஆடி மாதம். கோயில் மைக் செட் என்று நினைக்கிறேன். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா என்றால் அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இதற்கு மேல் 10 டெசிபல் போனால் புகார் கொடுக்கலாம். 100-க்கு அடியுங்கள், ரசீது வாங்குங்கள். கூம்பு ஸ்பீக்கராக இருந்தால் இன்னும் வசதி.

மீட்டர்ராஜா · 10.11
நெட் பிரச்சினைன்னு எழுதற பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு உண்மையில வோல்டேஜ் பிரச்சினைதான். பகல்ல மோசம், நடுராத்திரியில நல்லா இருக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க. பகல்ல லைன்ல லோடு ஏறும், வோல்டேஜ் 170, 180-க்கு இறங்கும், அடாப்டர் திணறும், ரவுட்டர் தானா அணைஞ்சு எரியும். ஒரு மல்டிமீட்டர் எடுத்து பிளக்ல வெச்சுப் பாருங்க.

பழையபுள்ளி · 10.30
இதே கேள்வி இந்தப் பகுதியில் நூறு தடவை வந்தாயிற்று. தேடல் என்று ஒரு பெட்டி மேலே இருக்கிறது, அது அலங்காரத்துக்கு அல்ல. கேள்வி கேட்கும் முறை பற்றி மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவையும் யாரும் படிப்பதில்லை. கம்பெனி பேரைப் போட்டுத் திட்டினால் இந்த விவாத இழை பூட்டப்படும், அதையும் சொல்லி வைக்கிறேன்.
பதில் வேண்டுமென்றால்: உயரம். சிக்னல் விஷயத்தில் உயரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. மொட்டை மாடியில் பன்னிரண்டடி இரும்புப் பைப் நட்டு ரவுட்டரை உச்சியில் கட்டுங்கள். முடிந்தது.

மேட்டுக்காடு · 10.58
மன்னிக்கணும், அவசரத்துல எழுதிட்டேன். நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோடு பக்கம் ஒரு குக்கிராமம். சிம் போடற 4ஜி ரவுட்டர், ஏற்கனவே மொட்டை மாடியிலதான் இருக்கு, தண்ணி டேங்க் மேல. ரெண்டு கம்பெனி சிம் மாத்திப் பாத்தேன், ரெண்டும் ஒரே கதை. ரவுட்டர் அணைஞ்சு எரியறதில்ல, லைட் நிக்காம எரியுது. சத்தம் கோயில் மைக் இல்லீங்க, தறி. வீட்டுக்கு மூணு பக்கமும் தறிக்கொட்டாய். நாலாவது பக்கம் ரிக் வண்டி, அதான் போர்வெல் போடற லாரி, அதோட பட்டறை.

கடலோரம் · 11.03
விசைத்தறியா! முதல் வரியிலேயே போட்டிருக்கணும் இதை.

மீட்டர்ராஜா · 11.10
தறின்னா மோட்டார். மோட்டார்னா லைன்ல லோடு. நான் என்ன சொன்னேன்?

பேண்ட்பாண்டி · 11.24
ராஜாண்ணே, லைட்டு நிக்காம எரியுதுன்னு சொல்லிட்டாரு, வோல்டேஜை விடுங்க. தறி மோட்டார் 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில போய் ஒண்ணும் பண்ணாது.
மேட்டுக்காடு தம்பி, கோட்டை நம்பாதீங்க. போன்ல நெட்மான்ஸ்டர்னு ஒரு ஆப் இருக்கு, போடுங்க. ஆர்.எஸ்.ஆர்.பி.ன்னு ஒரு எண், எஸ்.ஐ.என்.ஆர்.னு ஒரு எண் காட்டும். சில போன்ல ரெண்டாவதை எஸ்.என்.ஆர்.னு போட்டிருக்கும். முதலாவது டவர் எவ்வளவு பலமா கேக்குதுன்னு சொல்லும். ரெண்டாவது எவ்வளவு தெளிவா கேக்குதுன்னு சொல்லும். மாடியில ஒண்ணு, கீழ் ரூம்ல ஒண்ணு, வீட்டுக்குப் பின்னாடி ஒண்ணுன்னு எடுத்துப் போடுங்க. எந்த பேண்டுன்னும், அதாவது எந்த அலைவரிசைத் தொகுதின்னும் பாருங்க: பெரும்பாலும் 3, 5, 8, 40 இதுல ஒண்ணா இருக்கும்.

சிக்னல்வேட்டை · புதன், காலை 6.15
இவ்வளவு எதுக்கு ப்ரோ, ஆன்லைன்ல பூஸ்டர் விக்குது. வெளிய ஒரு ஆன்டெனா, உள்ள ஒரு ஆன்டெனா, நடுவுல ஒரு டப்பா. மாமா வீட்டுல வெச்சோம், சும்மா பறக்குது.

பேண்ட்பாண்டி · 6.40
அந்த டப்பாவுக்குப் பேரு ரிப்பீட்டர். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம வெச்சா குற்றம். விக்கிறாங்கங்கிறதுக்காக வாங்கலாம்னு ஆகிடாது. மாமா வீட்டுல பறக்கும், சுத்தி இருக்கிற அத்தனை வீட்டுலயும் கால் கட் ஆகும், ஏன்னா அந்த டப்பா டவரைப் பாத்து இரைச்சலைக் கக்கிக்கிட்டே கிடக்கும். ரவுட்டர்லயே குத்துற வெளி ஆன்டெனா வேற விஷயம், அதுக்குத் தடை இல்ல.

கேபிள்நண்பன் · 9.20
ஃபைபர் ஏன் யாரும் பேசல? பாரத்நெட்னு அரசாங்கத் திட்டம் இருக்கு, அதுல தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர் இழுக்கறதுதான் திட்டம். ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் வந்திருச்சான்னு கேளுங்க. வரலைன்னா உங்க ஊர் கேபிள் டிவிக்காரரைப் பிடிங்க. பத்து வீடு சேத்துக் குடுத்தா அவரே கம்பத்துக்குக் கம்பம் இழுத்துருவார்.

மேட்டுக்காடு · 10.02
ஊராட்சி ஆபீஸ் பக்கத்து ஊர்ல இருக்குங்க, மூணு கிலோமீட்டர். கேபிள்காரர் ஒருதடவை இழுத்தார். ரிக் வண்டி மாஸ்ட், அதான் அந்த இரும்புக் கோபுரம், அதோட உயரம் உங்களுக்குத் தெரியும்தானே? பட்டறைக்குத் திரும்பறப்போ மாட்டி அறுந்துச்சு. மறுபடி கட்டினார், மறுபடி அறுந்துச்சு. இப்ப போன் பண்ணினா எடுக்கறதில்ல.
டவுன்ல போய் உக்காருங்கன்னு ஒருத்தர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். எங்க ஊருக்கு டவுன் பஸ் காலையில ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. என் ஷிப்ட் மத்தியானம் ஒண்ணரைக்குத் தொடங்கி ராத்திரி பத்தரைக்கு முடியும். திரும்பி வர பஸ் இல்ல.

குமாஸ்தா · 10.31
தறியானாலும் ஒலி ஒலிதான். குடியிருப்புக்கு நடுவில் இரவில் தறி ஓட்டுவதை மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். இலவச மின்சாரம் வாங்கிக்கொண்டு ஊரைத் தூங்கவிடாமல் செய்வதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

பாவுநூல் · 11.15
அய்யா குமாஸ்தா, நானு பள்ளிபாளையமுங்க. தறி நம்மளுதுதான். இலவசம்னு சொல்றீங்களே, ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட். 2023 வரைக்கும் 750 தான் இருந்துச்சு. ரெண்டு ஷிப்ட் ஓட்டினா அது எந்த மூலைக்குங்க? பாவு, ஊடைன்னு நீள நூலும் குறுக்கு நூலும் ஜவுளிக்காரர் குடுப்பார், மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. ராத்திரி நிறுத்தினா அடுத்த நாள் கூலி யார் குடுப்பாங்க? அந்தத் தம்பி வீட்டு மாடியே தறி ஓட்டின காசுல எழுந்ததா இருக்கும், கேட்டுப் பாருங்க.

மேட்டுக்காடு · 11.19
ஆமாங்க. எங்கப்பாவும் தறிதான். முன்னாடி கொட்டாய் எங்களுது.

குமாஸ்தா · 11.40
அது தனிப்பட்ட சூழல். சட்டம் பொதுவானது.

கடலோரம் · 11.52
குமாஸ்தா சார், அவர் அப்பா மேலேயே புகார் எழுதச் சொல்றீங்க.
சத்தத்தைப் பத்திப் பேசணும்னா அந்தக் கொட்டாய்க்குள்ள நிக்கறவங்களைப் பேசுங்க. என் சித்தி குமாரபாளையத்துல வாக்கப்பட்டவங்க. தறி ஓடறப்போ பேசவே மாட்டாங்க, உதட்டையும் கையையும் பாத்தே நூல் அறுந்துச்சா, ஊடை நூல் சுத்தின தார் தீந்துச்சான்னு எல்லாம் புரிஞ்சுக்குவாங்க. இப்ப வீட்டுல டிவியை முழுசா வெச்சாத்தான் கேக்குது அவங்களுக்கு. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சம்னு தொழிற்சாலை விதியில இருக்கு. நாடா, அதாவது ஊடை நூலைக் கொண்டு போற கட்டை, அது அடிக்கற தறி நாலு சேந்தா அதைத் தாண்டறது சாதாரணம். சின்னக் கொட்டாய்க்கு எவன் வந்து அளக்கறான்? காதுல பஞ்சு வெச்சாலே மேஸ்திரி சிரிக்கறார்.

பாவுநூல் · 12.10
அக்கா சொல்றது நெசமுங்க. ரேப்பியர் தறி போட்டா நாடாவே இல்ல, அந்த அடியும் இல்ல. ஆனா அதை வாங்கற லட்சத்துக்கு நாங்க எங்க போறது. எங்கய்யனுக்கு இடது காது போயி ரொம்ப நாளாச்சு.

பழையபுள்ளி · 12.44
இது தொழில்நுட்ப உதவிப் பகுதி. தறி, சித்தி, காது எல்லாவற்றுக்கும் அரட்டைப் பகுதி இருக்கிறது. கேள்வி கேட்டவர் டேங்க் மேல் வைத்தேன் என்கிறார். டேங்க் உயரம் போதாது. பைப்.

மேட்டுக்காடு · பிற்பகல் 1.05
ஷிப்ட் தொடங்குது, சீக்கிரமா போடறேன். எல்லாம் பேண்ட் 40.
மாடி: -83, -2
முன் ரூம்: -92, 2
பின்னாடி ஆட்டுக்கொட்டாய்ச் சுவரோரம், தரையில: -103, 10
மாடியிலதான் நல்லா இருக்கு, இல்லீங்களா?

பேண்ட்பாண்டி · 1.30
இல்ல தம்பி, மாடிதான் இருக்கறதுலயே மோசம். முதல் எண்ணை விடுங்க, ரெண்டாவதைப் பாருங்க. மாடியில -2. அதாவது உங்க டவர் பேசறதைவிடச் சுத்தி இருக்கிற இரைச்சல் அதிகம். கொட்டாய்க்குள்ள நின்னு பேசற கதைதான்: உங்க ஆள் கத்தித்தான் சொல்றாரு, நாலு தறியும் சேந்து கத்துது.
ஒண்ணு கேக்குறேன். மாடியில நின்னா என்னென்ன தெரியும்?

மேட்டுக்காடு · இரவு 10.48
திருச்செங்கோட்டு மலை தெரியும். எதிர்ப்பக்கம் சங்ககிரி மலையும் தெரியும். நடுவுல மறைப்பே இல்ல, வீடு மேட்டுல இருக்கு.

பேண்ட்பாண்டி · 10.59
அங்கதான் கோளாறே. ரெண்டு ஊர் டவரும், நடுவுல ரோட்டோரம் இருக்கிறதும் உங்க டேங்க்கைப் பாத்து ஒரே அளவுல பேசுது. எல்லாம் ஒரே அலைவரிசை. ரவுட்டர் இதைப் பிடிக்கும், விடும், அதைப் பிடிக்கும். கால் கட் ஆகறது அப்பத்தான். நடுராத்திரியில ஆளுங்க தூங்கிருவாங்க, பக்கத்து டவர்ல போக்குவரத்து குறையும், இரைச்சலும் அடங்கும்.
ரவுட்டரை இறக்குங்க. ஆட்டுக்கொட்டாய்ப் பக்கச் சுவர்ல, வீடு உங்களுக்கும் மத்த டவருக்கும் நடுவுல மறைப்பா நிக்கற மாதிரி மாட்டுங்க. கோடு குறையும், பயப்படாதீங்க. அங்கிருந்து லேன் கேபிள் ரூமுக்கு இழுங்க, நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும். ரவுட்டர் செட்டிங்ல பேண்ட் பூட்டு இருந்தா 3, 5ன்னு ஒவ்வொண்ணா பூட்டி அதே ரெண்டு எண்ணைப் பாருங்க.

பழையபுள்ளி · 11.20
ரவுட்டரை மாடியிலிருந்து ஆட்டுக்கொட்டாய்க்கு இறக்குவதை என் பதினெட்டு வருட அனுபவத்தில் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நல்லது. முயன்று பாருங்கள்.

கடலோரம் · 11.34
நெட்டை பாண்டி அண்ணன் பாத்துக்குவாரு. மைக்குக்கு நான் சொல்றேன். லேப்டாப் மைக்கைத் தொடவே தொடாதீங்க, அது ரூம் முழுக்கக் கேக்கும். வாய்க்குப் பக்கத்துல தண்டு நீட்டின ஹெட்செட் வாங்குங்க, கம்பி போட்டது. மீட்டிங் ஆப்ல சத்தம் குறைக்கிற வசதியை உச்சத்துல வைங்க. ஃபேன் சத்தத்தைச் சுத்தமா எடுத்துரும், தறி டக்குடக்குன்னு அடிக்கறதால கொஞ்சம் மிஞ்சும். பேசாதப்போ ம்யூட். வீடியோவை அணைச்சிட்டா குரலுக்கு ரொம்பக் கொஞ்சம் நெட் போதும். அதுவும் ஆகலைன்னா சில மீட்டிங்குக்கு டயல் பண்ற நம்பர் வரும், சாதா போன் கால்லயே சேந்துக்கலாம்.

மீட்டர்ராஜா · வியாழன், காலை 7.02
எதுக்கும் வோல்டேஜையும் பாத்து வைங்க.

குமாஸ்தா · 9.15
பாவுநூல் அவர்களுக்கு: ரேப்பியர் வாங்க முடியாதென்றால் கொட்டாய்ச் சுவரையாவது உயர்த்திக் கட்டலாமே. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே திறந்து விட்டால் சத்தம் ஊருக்குத்தான் வரும்.

பாவுநூல் · 9.40
அதை அடைச்சா உள்ள நிக்கறவன் வெந்து போவானுங்க. சித்திரை மாசம் ஒரு நா வந்து நின்னு பாருங்க.

குமாஸ்தா · 9.52
பஞ்சுத் தூசிக்கும் சேர்த்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால்...

பாவுநூல் · 9.55
கரண்டு பில்லு நீங்க கட்டறீங்களா?

நடுவர் · 10.10
தறி விவாதத்தைத் தொழில் பகுதிக்குத் தனி இழையாக மாற்றுகிறேன். இங்கே நெட் மட்டும்.

மேட்டுக்காடு · வெள்ளி, இரவு 11.15
கால் முடிஞ்சுது. கட் ஆகல. ஆட்டுக்கொட்டாய்ச் சுவர், பேண்ட் 3. தறிச் சத்தம் அப்படியேதான், ஹெட்செட் இன்னும் வாங்கல, ம்யூட்லயே இருந்தேன். நான் பேச வேண்டியதே ரெண்டு வரிதான். பாண்டி அண்ணனுக்கு நன்றி.

பழையபுள்ளி · 11.31
இடம்தான் முக்கியம் என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

பேண்ட்பாண்டி · 11.40
சந்தோசம் தம்பி. பேண்ட் 3-ல எண் ரெண்டும் எவ்வளவு, வேகம் எவ்வளவு வருதுன்னு ஒரு படம் போடுங்க, அடுத்தவங்களுக்கு ஆகும். ஆடு கேபிளைக் கடிக்காம பைப்ல விட்டு இழுங்க.

பேண்ட்பாண்டி · திங்கள், காலை 8.05
தம்பி, படம்?

காடையூரான் · புதன், மாலை 5.20
இந்த இழையைப் பாத்துட்டு நானும் ரவுட்டரை மாடியில இருந்து இறக்கிச் சுவரோரம் வெச்சேன். இருந்த நெட்டும் போயிருச்சு. என்ன பண்றது?

பேண்ட்பாண்டி · 5.44
முதல்ல மறுபடி மாடியில ஏத்துங்க. அப்புறம் எந்த ஊர், வீட்டைச் சுத்தி என்ன இருக்கு, அந்த ரெண்டு எண் மாடியில எவ்வளவு, கீழ எவ்வளவு, அதைப் போடுங்க.