ரேடியேட்டர் ஃபேன் பழுது: வயரிங்கா, மோட்டாரா?

வணக்கம். 2003-இல் வாங்கிய எங்கள் பெட்ரோல் கார் ஓடும்போது சூடாவதில்லை. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் மட்டும், ரேடியேட்டர் ஃபேன் சுழலாததால், வெப்பமுள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. ஃபியூஸ் நன்றாக உள்ளது. ஃபேனின் ரிலேக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பதிலாக ஹாரன் ரிலேயைப் பொருத்தியும், சூடானதும் ஃபேனை இயக்கும் தெர்மோ சுவிட்சின் இரு வயர்களை நேரடியாக இணைத்தும் பார்த்தேன்; ஃபேன் சற்றே அசைந்து நின்றுவிடுகிறது. ஆனால் பேட்டரியிலிருந்து நேரடியாக இணைப்புக் கொடுத்தால் மோட்டார் வேகமாகவே ஓடுகிறது (மோட்டாரையே மாற்றச் சொன்ன மெக்கானிக்கின் பேச்சை அதனால்தான் இன்னும் ஏற்கவில்லை).

மல்டிமீட்டரில் பார்த்தபோது, மோட்டாரின் பிளக்கைக் கழற்றிய நிலையில் 12.4 வோல்ட்டும், செருகியதும் 7 வோல்ட்டும் காட்டியது. பாடியில் பொருத்திய எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்குமா, அல்லது தேய்ந்த மோட்டார் அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுக்கிறதா என்பதை எவ்வாறு பிரித்தறிவது? இவ்வகைப் பழுதைச் சரிசெய்த அனுபவமுள்ளவர்கள், எந்த இரு முனைகளுக்கிடையே முதலில் அளக்க வேண்டும் என்று தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.