பரணில் கூரையின் உட்புறம் வேர்த்துக் கொட்டுகிறது: ஃபேன் மாட்டினால் போதுமா?

சாய்கூரை: வணக்கம். சாய்வான ஓட்டுக்கூரை, ஓட்டுக்கு அடியில் பழைய தார் ஃபெல்ட் (தார் பூசிய விரிப்பு), அதற்குக் கீழே பரண். குளிர் தொடங்கியதிலிருந்து ஃபெல்ட் முழுக்க நீர்முத்து. ஆணி முனையெல்லாம் சொட்டு நிற்கிறது. வெயில் படாத பக்கத்துக் கைமரங்களில் கறுப்புப் புள்ளிகள். கோடையில் ஆள் வைத்து, வீட்டுச்சூடு தப்பாமலிருக்கப் பரண் தரையில் 270 மி.மீ. கனத்துக்குப் பஞ்சு (இன்சுலேஷன்) போட்டோம். அதற்கு முன் இந்தத் தொல்லை இல்லை. ஓடு ஒழுகுகிறதா? பரணில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிடலாமா?

தச்சுப்பட்டறை: மழையன்று கூடுகிறதா, மழையில்லாத நாளிலா?

சாய்கூரை: மழையே இல்லாமல், வானம் தெளிந்த இரவுக்கு மறுநாள் காலையில்தான் அதிகம்.

தச்சுப்பட்டறை: அப்படியென்றால் ஒழுகல் இல்லை. ஒழுகினால் மழைக்குப் பின் ஒரு இடத்தில் கறை படரும். தெளிந்த இரவில் கூரை வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். 20 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள வீட்டுக்காற்று சுமார் 12 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் கக்கும். பஞ்சு வந்தபின் வீட்டுச்சூடு மேலே ஏறவில்லை, அதனால் பரண் முன்னைவிடக் குளிர். பஞ்சைக் குறை சொல்லாதீர்கள், எடுக்கவும் வேண்டாம். அதை இறவாரம்வரை (கூரையின் கீழ் ஓரம்) திணித்துக் காற்று வரும் இடுக்கை அடைத்திருப்பார்கள் என்பதுதான் என் சந்தேகம். பகலில் பரண் விளக்கை அணைத்துவிட்டு ஓரங்களைப் பாருங்கள், வெளிச்சக் கீற்று தெரிகிறதா?

ஈரக்காற்று: ஃபேன் வேண்டவே வேண்டாம். அது பரண் காற்றை வெளியே தள்ளத் தள்ள, பரணுக்குக் கீழே அறைகளின் உட்கூரை இடுக்குகள் வழியாக வீட்டு நீராவியைத்தான் மேலே இழுக்கும். அது இருக்கட்டும், குளியலறை ஃபேனின் குழாய் எங்கே போய் முடிகிறது?

சாய்கூரை: இப்போதுதான் ஏறிப் பார்த்தேன். ஓரத்தில் கும்மிருட்டு. குளியலறைக் குழாய் பஞ்சுமேல் சும்மா கிடக்கிறது, வெளியே போகவே இல்லை!

ஈரக்காற்று: பஞ்சு போட்டவர்கள் கண்ணிலும் பட்டிருக்குமே! முதலில் அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோங்கள். குழாயைச் சுற்றிப் பஞ்சு உறை போடுங்கள், இல்லாவிட்டால் அதற்குள்ளேயே நீர் கட்டும். பரண் கதவு விளிம்பில் ரப்பர் பட்டை, குழாய்கள் மேலேறும் துளைகளில் சீலன்ட். ஆனால் பழைய ஹாலஜன் விளக்குகளைப் பஞ்சால் மூடிவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

தச்சுப்பட்டறை: அப்புறம் இறவாரம். பஞ்சைப் பின்னுக்கு இழுத்து, ஃபெல்ட்டுக்கும் அதற்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி விடுங்கள். கைமரங்களுக்கு இடையே பிளாஸ்டிக் தட்டு வைத்தால் பஞ்சு திரும்பச் சரியாது. 15 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள கூரைக்கு, இரு பக்கமும் நெடுக 10 மி.மீ. இடுக்கு அளவு திறப்பு என்பதுதான் வழக்கம். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று குறுக்கே ஓடாது. இறவாரத்தைத் திறக்கவே முடியாவிட்டால், ஃபெல்ட் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஆப்பு மாதிரியான வென்ட்டுகளைச் செருகலாம். ஓட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

சாய்கூரை: குழாய் வெளியே போய்விட்டது, இரு ஓரமும் திறந்தாயிற்று. ஃபெல்ட் காய்ந்துவிட்டது, ஆணிகளில் மட்டும் லேசாகப் பனிப்பு. கறுத்த கைமரங்களை மாற்ற வேண்டுமா?

தச்சுப்பட்டறை: ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்காவிட்டால் மேல்பூஞ்சைதான், முகக்கவசம் போட்டுத் துடைத்தால் போதும். ஈரமானியில் மரம் 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் உளுத்துப்போகாது. மெத்தென்று இறங்கினால் படம் போடுங்கள், பார்க்கலாம்.