பெயர் தெரியாத செடியில் கத்தரி வைப்பதற்கு முன்

திருச்சியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கொல்லையில் புதர் மண்டிக் கிடந்த செடிகளில் பாதிக்கு எங்களுக்குப் பெயர் தெரியாது. புரட்டாசி மாதம். வேலைக்கு வந்த பெரியவர், "எல்லாத்தையும் இடுப்பளவுக்கு இறக்கிடலாம்மா, மழை வந்தா தன்னால துளிர்த்துக்கும்" என்றார். துளிர்க்கும்தான், ஆனால் எது எப்போது பூக்கும் என்று தெரியாமல் வெட்டினால் அந்த வருஷப் பூ போய்விடும் என்பதால், காய்ந்த குச்சிகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விடச் சொன்னேன். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

சுற்றுச்சுவர் ஓரம் நின்ற ஒன்றை எல்லோரும் களை என்றே சொன்னார்கள். எதிரெதிராக இலை, தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான். கார்த்திகையில் இலைக்கணுக்களிலும் கிளை நுனியிலும் ஓரத்தில் முள்முள்ளாக இருக்கும் பச்சைச் செதில்கள் கொத்தாக வந்தன, அதிலிருந்து ஊதா மொட்டு நீண்டது. டிசம்பர் பூ! புரட்டாசியில் மொட்டையடித்திருந்தால் மார்கழியில் தலையில் வைக்க ஒரு பூ கிடைத்திருக்காது. பூத்து ஓய்ந்தபின் மாசியில் நன்றாக இறக்கினோம், அடுத்த முறை இன்னும் அடர்த்தியாக வந்தது.

போனில் படம் எடுத்துப் பெயர் கேட்பதை நானும் செய்கிறேன், ஆனால் பூ இல்லாத படத்தை வைத்து அது சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. ஒரு செடிக்கு கார்டீனியா என்று காட்டியது; இலையைக் கிள்ளினேன், காம்பில் வெள்ளையாகப் பால் துளிர்த்து நின்றது, கார்டீனியாவில் பால் வராது. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்து, கிளை கவட்டை கவட்டையாகப் பிரிவதைக் காட்டி, "நந்தியாவட்டைடி இது" என்று முடித்துவிட்டார். அதனால் பெயருக்கு முன்னால் கையும் மூக்கும் வேலை செய்யட்டும்: இலை எதிரெதிரா மாறிமாறியா, பால் வருகிறதா, கசக்கினால் வாசனை உண்டா, இளங்கிளை உருண்டையா பட்டையா. பவழமல்லியைப் பூவே இல்லாமல் கண்டுபிடித்தது அப்படித்தான், இலை உப்புத்தாள் மாதிரி, இளங்கிளை நாலு பட்டை. கோடையில் இலையுதிர்த்து நிற்கும்போது செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள்.

ஒரே கணுவில் மூன்று மூன்றாக நீண்ட தடித்த இலை இருந்தால் அரளியாக இருக்கலாம், அங்கே மட்டும் மிகக் கவனம். வேர் முதல் பூ வரை எல்லாமே விஷம். கையுறை போட்டு வெட்டுங்கள், வெட்டியதை ஆடு மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள், சருகோடு சேர்த்துக் கொளுத்தவும் வேண்டாம், அந்தப் புகையும் கெடுதல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் விடவே கூடாது.

அப்புறம் எப்போது வெட்டுவது என்பது. செம்பருத்தி, காகிதப்பூ எல்லாம் புதுத் தளிரில் பூப்பவை, தாராளமாக வெட்டலாம், அக்னி நட்சத்திர வெயிலில் மட்டும் வேண்டாம். இட்லிப்பூ கிளை நுனியில்தான் கொத்து வைக்கும், வேலியாக்கி மாதாமாதம் சதுரம் பிடித்தால் பச்சைச் சுவர்தான் மிஞ்சும். மல்லிக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகமே தேதி சொல்கிறது: குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்யலாம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. அவ்வளவு கீழேயா என்று மனசு பதறும், ஆனால் பங்குனியில் வரும் மொட்டைப் பார்த்தால் புரியும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கிணற்றோரம் ஆள் உயரம், இலை எதிரெதிர், ஓரத்தில் மேல்பாதியில் மட்டும் லேசான பல், பால் இல்லை, சில கணுக்களில் முள், இதுவரை பூக்கவில்லை. பூக்கும்வரை காய்ந்த குச்சியைத் தவிர அதில் கை வைக்கப்போவதில்லை. யாருக்காவது இது என்னவென்று பட்டால் சொல்லுங்கள்.