தீப்பிடித்த 1953 ஷெவர்லே 3100 ஹாட் ராட்: எதை வைப்பது, எதைக் கழிப்பது?

அஞ்சுகம்பிகிரில்:

வண்டி 1953 ஷெவர்லே 3100, அரை டன் பிக்கப், டெக்சஸ் பதிவு. பழைய உடலில் புதிய எஞ்சினும் சஸ்பென்ஷனும் மாற்றிய ஹாட் ராட். 350 ஸ்மால் பிளாக் வி8 எஞ்சின், டிஎச்350 ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி, அலுமினிய இன்டேக் (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் வார்ப்பு), நான்கு பேரல் கார்பரேட்டர். முன்னால் மஸ்டாங் II பாணி சஸ்பென்ஷன், மின்சாரம் 12 வோல்ட். பெட்ரோல் டேங்க் மட்டும் பழையபடி சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பானெட்டுக்குள் தீ பிடித்தது. முதலில் ஏபிசி பவுடர் அணைப்பான், பிறகு தீயணைப்பு வண்டியின் தண்ணீர். இப்போதைய நிலை: கார்பரேட்டர் உருகி இன்டேக் மேல் வழிந்திருக்கிறது. இன்டேக்கின் முன்பக்க ஓரமும் வடிந்த மாதிரி தெரிகிறது. பானெட் பெயின்ட் முழுக்கப் போய்விட்டது, நடுவில் அலை. ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுத் தகடு) கருகல். டேஷுக்குப் பின்னால் ஒயரிங் ஒரே கட்டியாக ஒட்டியிருக்கிறது. ஓட்டுநர் பக்க முன்கண்ணாடி விழுந்துவிட்டது. கூரையின் முன்பாதியில் லேசான நெளிவு. சீட் பாதி எரிந்தாலும் டேங்க் தப்பித்தது. பின்னால் இருக்கும் சரக்குத் தொட்டிக்கும் பின் ஆக்ஸிலுக்கும் ஒன்றும் இல்லை.

காப்பீடு ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசி, அதாவது வண்டியின் மதிப்பு முன்பே பேசி முடித்தது. என் கேள்விகள்: சேஸை நம்பலாமா? கூரையை நிமிர்த்தலாமா, வேறு கேபின் தேடணுமா? எஞ்சின் பிழைக்குமா? எதில் தொடங்குவது?

தகடுதட்டி:

ஸ்பானரைக் கீழே வையுங்க சார். காப்பீட்டு ஆள் வந்து பார்க்கும்வரை ஒரு நட்டுகூடக் கழற்றக் கூடாது. படம் எடுங்க. பானெட் திறந்து, மூடி, அடியிலிருந்து, கதவு இடுக்கு, ஓட்டுநர் பக்கக் கதவு கீல் தூணில் இருக்கும் வண்டியின் தொடர் எண் தகடு, எல்லாம் தெளிவாக. அந்தத் தகட்டை எந்தக் காரணத்துக்கும் பிடுங்காதீங்க. அமெரிக்காவில் வண்டி எண்ணைக் கழற்றுவதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகப் போய் முடியலாம். பிளாஸ்டிங் செய்யும்போதும் இரும்புத் துண்டால் மூடிவிட்டுத்தான் செய்யணும்.

அவர் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே கழுவணும். ஏபிசி பவுடர் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சூடான இரும்பில் பட்டு உருகிக் கண்ணாடி மாதிரி படியும், ஈரம் சேர்ந்தால் அமிலமாகும். எரிந்த ஒயரின் பிவிசி உறை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டிருக்கும். தீயை விட இந்த இரண்டும்தான் மெதுவாக வண்டியைத் தின்னும். முதலில் உலர்ந்த தூளை வேக்கும் போட்டு எடுங்க. இறுகினதுக்கு வெந்நீரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சரிபாதி. தீப்பொறி ஆகாது, பேட்டரி கழற்றியிருக்கணும். பிறகு லிட்டர் வெந்நீருக்கு மூன்று மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, காற்றடித்து உலர்த்துங்க. கௌல் (முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பகுதி) உள்ளறை, கதவுக்குள், கூரை விளிம்பு மடிப்பு, இந்த மூன்றையும் விட்டால் ஆறு மாதத்தில் புதுப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து துரு கொப்பளிக்கும்.

கை வைக்கும் முன் பி100 மாஸ்க், நியோப்ரீன் கையுறை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், டிரம் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கருப்பாகத் தார் மாதிரி உருகிய ஓரிங், சீல் எதையும் வெறும் கையால் தொடாதீங்க. ஃப்ளூரோ ரப்பர் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் (இங்கே சொல்வதெல்லாம் செல்சியஸ்தான்) சிதைந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கக்கூடும். தோலில் பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியும்.

இனி கழற்றும் முன் ஒரு வெப்பப் படம் போடுங்க. உருகியது எது, உருகாதது எது என்று பார்த்து வண்டி மேலேயே சாக்பீஸால் குறிங்க. வெள்ளீய ஈயப் பற்று 183 டிகிரியில் இளகும். கதவுக் கைப்பிடி, கார்பரேட்டர் உடல் போன்ற துத்தநாக வார்ப்பு 385 பக்கம். அலுமினிய வார்ப்பு 560-லிருந்து 615-க்குள். கண்ணாடி தொங்கியிருந்தால் 700-ஐத் தொட்டிருக்கு. ஆனால் கண்ணாடி வெடித்து விழுந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஒரு பக்கம் சூடு ஒரு பக்கம் குளிர் என்றாலே விழும்.

அலுமினியம் வடிந்த இடத்திலிருந்து ஒரு அடிக்குள் இருக்கும் ஸ்பிரிங், உயர்தர போல்ட், பேரிங் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. கிரேடு 5, கிரேடு 8 போல்ட்கள் குறைந்தது 427 டிகிரியில் பதப்படுத்தப்பட்டவை. அதைத் தாண்டிச் சூடானால் தலையில் தரத்தைக் காட்டும் கோடு (கிரேடு 5-க்கு மூன்று, கிரேடு 8-க்கு ஆறு) அப்படியே இருக்கும், பலம் இருக்காது. துத்தநாகம் முழுசாக நின்று பற்று மட்டும் இளகிய இடத்தில் இரும்பு தப்பித்தது, ரப்பரும் சீலும்தான் போச்சு.

வால்வுசத்தம்:

எஞ்சினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிராங்கைச் சுற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, இன்டேக் வடிந்திருந்தால் அலுமினியத் துளி போர்ட் வழியாகத் திறந்திருந்த வால்வின் மேலோ சிலிண்டருக்குள்ளோ போயிருக்கலாம். இரண்டு, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மேல் பவுடர் அடித்திருக்கிறீர்கள், கார்பரேட்டர் அதை உறிஞ்சியிருக்கும். இறுகிய பாஸ்பேட் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் போனால் உப்புத்தாள் வேலை பார்க்கும்.

முதலில் எட்டு பிளக்கையும் கழற்றி போர்ஸ்கோப் (குழாய் முனைக் கேமரா) விட்டுப் பாருங்கள். பிறகு இன்டேக்கைத் தூக்கி, அதற்கு அடியில் இருக்கும் லிஃப்டர் பள்ளத்தில் துளி கிடக்கிறதா பாருங்கள். உள்ளே வெள்ளைப் படிவு இருந்தால் ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை. படிவே இல்லை என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு நாள் கழித்து நீளக் கைப்பிடி போட்டுக் கையால் சுற்றலாம்.

வார்ப்பிரும்பு பிளாக் இந்தத் தீயில் உருகாது. பயம் வேறு: சூடான ஹெட்டில் ஹோஸ் தண்ணீர். எக்ஸாஸ்ட் பக்கம் நடு இரண்டு வால்வுகளும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் விரிசலைத் தேடுங்கள். மெஷின் ஷாப்பில் காந்தத் தூள் சோதனையும் நீர்வழி அழுத்தச் சோதனையும் கேளுங்கள். ஹெட் மட்டம் நீளவாக்கில் 0.004 அங்குலத்துக்கு மேல் கோணியிருந்தால் மேற்பரப்பு சீவணும். வால்வு ஸ்பிரிங் பதினாறும் புதுசு, விவாதமே வேண்டாம். ஸ்டெம் சீல், பின் மெயின் சீல், டைமிங் கவர் சீல், ஃப்ரீஸ் பிளக் எல்லாம் புதுசு. டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப், இன்டேக், கார்பரேட்டர் நான்கும் கழிவு. இன்டேக்கை வெல்டு வைத்துக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடேறிய அலுமினிய வார்ப்பு பதம் இழந்து மெத்தென்று ஆகிவிடும், போல்ட்டை முடுக்கினால் உட்காராது.

டிஎச்350 உடல் அலுமினியம். பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் மணி வடிவப் பகுதி) காதுகளையும் மேல் வளைவையும் மட்டப் பலகை வைத்துப் பாருங்கள். எண்ணெய் சிவப்பாகவே இருந்து கருகல் வாசம் இல்லை என்றால் முன் பம்ப் சீல், மாடுலேட்டர், கூலர் ஹோஸ் மாற்றினால் போதும். டார்க் கன்வெர்ட்டர் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

ஒரு கணக்கு: 350 பிளாக் எங்கும் கிடைக்கும். மெஷின் ஷாப் செலவு, பெட்டியில் முழுசாக வரும் புது எஞ்சின் (கிரேட் எஞ்சின்) விலையில் பாதியைத் தாண்டினால், எஞ்சின் எண் வண்டியோடு பொருந்துகிறதா என்று பார்க்கத் தேவையில்லாத ஹாட் ராடுக்கு இதைக் காப்பாற்ற அர்த்தமில்லை.

தகடுதட்டி:

விட்ட இடத்திலிருந்து. சேஸ்: தீ மேலே போகும், ரயில் (சேஸின் நீளவாட்டு உத்திரம்) பெரும்பாலும் தப்பிக்கும். விதிவிலக்கு, எண்ணெயோ பெட்ரோலோ கீழே தேங்கி எரிந்திருந்தால். ரயிலின் கீழ் விளிம்பில் பெயின்ட் ஒட்டியிருந்தால் கவலை இல்லை. பெயின்ட் போய்ச் சாம்பல் நிறச் செதில் உதிர்ந்தால் அளக்கணும். முன் கிராஸ்மெம்பர் (குறுக்கு உத்திரம்) ரிவெட்டிலிருந்து பின்னால் எதிர்ப்பக்க ரிவெட்டுக்குக் குறுக்கே இரண்டு மூலைவிட்டமும் எடுங்க. 3 மிமீக்குள் வித்தியாசம் என்றால் நிம்மதி. மஸ்டாங் II கிராஸ்மெம்பரின் வெல்டு ஓரங்களைக் கம்பி பிரஷ் போட்டு வெள்ளையாக்கி, விரிசலைக் காட்டும் சாயச் சோதனை செய்யுங்க. முன் காயில் ஸ்பிரிங், ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ரேக் சீல், ஷாக் எல்லாம் புதுசு. எரிந்த கேஸ் ஷாக்கைக் கட்டர் போட்டு அறுக்காதீங்க, வெடிக்கும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருந்தால் தப்பித்திருக்கலாம், பிரேக் ஹோஸ்களை மட்டும் நம்பாதீங்க.

கூரை நெளிவுக்கு வருவோம். இதில்தான் நிறைய டிங்கரிங் கடைகள் தகட்டைக் கெடுக்குது. நெளிவைப் பார்த்ததும் தகடு நீண்டுவிட்டது என்று நினைத்து ஷ்ரிங்க் டிஸ்க்கை (தேய்த்துச் சூடாக்கித் தகட்டைச் சுருக்கும் தட்டு) போடுறாங்க. நடப்பது தலைகீழ். நடுப்பகுதி சூடாகி விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. அதனால் நடுப்பகுதி தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கும். ஆறினதும் அந்த இடம் முன்பை விடச் சின்னது. பக்கத்துத் தகடு இழுபட்டுத் தொளதொளவென்று தெரியும், அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வரும். வியாதி தொளதொளப்பில் இல்லை, நீலமும் சாம்பலுமாகச் செதில் தட்டிய இடத்தில் இருக்கு. அங்கே டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டி) அடியில் அழுத்திப் பிடித்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நீட்டணும். கால் பங்கு தட்டியதுமே பக்கத்துத் தொளதொளப்பு குறைவது கைக்குத் தெரியும். ஷ்ரிங்க் டிஸ்க் கடைசியில், மிச்சமிருக்கும் சின்ன மேட்டுக்கு மட்டும்.

செதில் தகட்டைத் தின்று ஒரு மில்லிக்குக் கீழே போயிருந்தால் தட்டிப் பயனில்லை. 18 கேஜ் தகடு புதுசில் சுமார் 1.2 மிமீ. தடிமன் மீட்டர் வைத்துப் பாருங்க. அப்போதும் முழுக் கேபின் தேவையில்லை, வேறு கேபினிலிருந்து கூரையை மட்டும் தூண்களில் அறுத்து மாட்டலாம். 0.023 அங்குல மிக் கம்பி, 25 மிமீ இடைவெளியில் புள்ளி வெல்டு, ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர் ஓரத்தில். பானெட்டுக்கு மெனக்கெடாதீங்க. புதுசாகச் செய்த மாற்று பானெட் கிடைக்கும், விளிம்பு பொருந்துவதற்குக் கொஞ்சம் சண்டை போடணும், அவ்வளவுதான்.

முன்கண்ணாடி இரண்டு துண்டும் தட்டையானவை. கண்ணாடிக் கடையில் அட்டை மாதிரி கொடுத்தால் லேமினேட்டட் கண்ணாடியில் வெட்டித் தருவார்கள்.

சாண்ட்பிளாஸ்ட்பிரியன்:

பவுடரும் கரியும் மடிப்புக்குள்ளே போயிருக்கும்போது கையால் கழுவி எப்படிப் போகும்? மொத்தக் கேபினையும் மணல் அடித்துவிடுவதுதான் வேகம். நாலு மணி நேர வேலை.

தகடுதட்டி:

ஃபயர்வால், தரை, சேஸுக்கு அடிங்க, மறுக்கலை. கூரை, கதவுத் தோல், பானெட்டுக்கு வேண்டாம். கரடு மணலை 100 பிஎஸ்ஐயில் அடித்தால் தகட்டின் ஒரு முகம் மட்டும் நீண்டு வளையும், தீ செய்யாததையும் நீங்க செய்து முடிப்பீங்க. அடிச்சே ஆகணும்னா நொறுக்கிய கண்ணாடி, 30-லிருந்து 40 பிஎஸ்ஐ, சாய்வாக, ஒரே இடத்தில் நிற்காமல். மடிப்புக்குள் போன அமிலத்தை மணல் எடுக்காது, அதுக்குத் தண்ணீர்தான். சுத்தம் ஆனதும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதற்கு மேல்தான் பட்டி. வேலை முடிந்ததும் உள்ளறைகளில் மெழுகு.

ஒயர்புலி:

காரணம் தெரியாமல் புது ஒயரிங் போட்டால் அடுத்த தீக்கு அஸ்திவாரம் போடுறீங்க. கட்டியைப் பிரிக்கும்போது செம்பின் முனைகளைப் பாருங்க. செம்பு 1085 டிகிரியில்தான் உருகும், பானெட் தீயில் அது பெரும்பாலும் நடக்காது. முனையில் உருண்டையான மணி, பக்கத்திலேயே கம்பி அப்படியே முழுசாக இருந்தால் அங்கே ஷார்ட் ஆகியிருக்கு. ஆனால் மணி இருப்பதாலேயே அதுதான் தொடக்கம் என்று சொல்ல முடியாது. பெட்ரோல் தீ உறையை எரித்து, பிறகு பேட்டரி மின்சாரம் ஷார்ட் ஆனாலும் மணி விழும். அதனால் கார்பரேட்டர் இன்லெட், பம்ப் ஹோஸ் கிளாம்ப், கண்ணாடிக் குடுவை ஃபில்டர் இருந்த இடம் மூன்றையும் சேர்த்துப் பாருங்க. ஹாட் ராடுகளில் மேலே வைத்த கண்ணாடி ஃபில்டரும் எத்தனாலில் வெடித்துப்போன பழைய ரப்பர் ஹோஸும் மிக வழக்கமான குற்றவாளிகள்.

புது ஹார்னஸ் (ஒயரிங் கட்டு) டிஎக்ஸ்எல் அல்லது ஜிஎக்ஸ்எல் ஒயரில் வாங்குங்க. அதன் குறுக்கிணைப்பு உறை 125 டிகிரி தாங்கும், சாதா பிவிசி 80-தான். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லாமல் விடுவது இந்த வண்டிகளின் சாபம். ஃப்யூசிபிள் லிங்க் (மிகை மின்சாரத்தில் முதலில் உருகி அறும் கம்பித் துண்டு) என்றால் கம்பியை விட நாலு எண் சன்னமாக: 10 கேஜ் கம்பிக்கு 14 கேஜ் லிங்க், 9 அங்குலத்துக்கு மிகாமல். ஃபயர்வால் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் ரப்பர் குரொமெட் வளையம். பேட்டரி துண்டிக்கும் சுவிட்ச் ஓட்டுநர் கைக்கு எட்டணும்.

பெட்ரோல்: முழுக்க 3/8 அங்குல எஃகுக் குழாய், ரப்பர் ஹோஸ் இரண்டு முனையிலும் கையளவு மட்டும், அது எஸ்ஏஇ 30ஆர்9 தரம். எலக்ட்ரிக் பம்ப் போட்டால் எண்ணெய் அழுத்த சுவிட்ச் வழியாகவும் மோதல் சுவிட்ச் வழியாகவும் மின்சாரம் எடுங்க, எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கணும்.

டேங்க்கை கேபினிலிருந்து எடுத்துப் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் ரயில்களுக்கு நடுவில் வையுங்க. கவிழ்ந்தால் மூடும் வென்ட் வால்வோடு. பழைய டேங்க்கைப் பெட்ரோல் காலி என்று நம்பி வெல்டு பக்கத்தில் வைக்காதீங்க. ஆவிதான் வெடிக்கும்.

அஞ்சுகம்பிகிரில்:

வெப்பப் படம் போட்டேன். அலுமினியம் வடிந்தது இன்டேக்கின் முன்பாதியில் மட்டும். ஃபயர்வாலில் பற்று இளகியிருக்கிறது, ஹீட்டர் பெட்டியின் துத்தநாகக் கைப்பிடி முழுசு. கூரைத் தகடு 1.1 மிமீ. எண்ணெய் அழுத்த சுவிட்ச் போட்டால் ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் இருக்காதே, பம்ப் எப்படி ஓடும்?

ஒயர்புலி:

மூன்று முனை சுவிட்ச் வாங்குங்க. ஸ்டார்ட்டர் சொலினாய்டிலிருந்து ஒரு கம்பி அதற்கு வரும், சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும்வரை அந்த வழியாக பம்ப் ஓடும். எஞ்சின் பிடித்து 4, 5 பிஎஸ்ஐ வந்ததும் சுவிட்ச் இக்னிஷன் பக்கம் மாறிக்கொள்ளும். பம்ப் மின்சாரத்தை நேராக இதன் வழியாக விடாமல் ரிலேயை மட்டும் இயக்க விடுங்க, இல்லாவிட்டால் சுவிட்சின் முனை கருகிவிடும்.

தகடுதட்டி:

1.1 என்றால் கூரையை வெட்ட வேண்டாம். தட்டுங்க.